கேரம் ஸ்ட்ரைக்கர்

கேரம் ஸ்ட்ரைக்கர் என்பது கேரம் (சுண்டாட்டம்) விளையாட்டில் காய்களை அடித்துக் குழியில் வீழ்த்துவதற்காக விரலால் சுண்டப்படும் தட்டையான வட்ட வில்லை ஆகும். கேரம் பலகை, காய்கள், மாவு, மேலே தொங்கும் விளக்கு ஆகியவை ஆடுவோர் அனைவருக்கும் பொதுவானவை. ஸ்ட்ரைக்கர் ஒன்றே ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்கெனச் சொந்தமாக வாங்கி, சட்டைப் பையில் வைத்து எடுத்துச் செல்லும் கருவியாகும். இக்காரணத்தால் கேரம் சாதனங்களுள் மிகுதியான வடிவங்களிலும் விலைகளிலும் விற்கப்படுவதும் இதுவே.

ஸ்ட்ரைக்கரின் விட்டத்துக்கும் எடைக்கும் விளையாட்டு விதிகள் உச்ச வரம்பு விதித்துள்ளன. அவ்வரம்புக்குள் நன்கு செய்யப்பட்ட ஒரு ஸ்ட்ரைக்கரை இயந்திரத்தில் கடைந்து குறைந்த செலவில் உருவாக்க இயலும். இருப்பினும் "சிறப்புப் பதிப்பு", "வரையறுக்கப்பட்ட பதிப்பு" போன்ற பெயர்களுடன் பன்மடங்கு விலையில் விற்கப்படும் ஸ்ட்ரைக்கர்களும் உள்ளன. அக்கூடுதல் விலைக்கு ஆட்டத்தில் பயன் உண்டா என்பது ஆட்டக்காரர்களிடையே நெடுநாளைய விவாதமாகும். உலக வாகையர் பலரை உருவாக்கிய வட சென்னை போன்ற உழைக்கும் மக்களின் பகுதிகளில் இவ்விவாதம் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

பெயர்

தமிழ்நாட்டில் இக்கருவி பொதுவாக ஸ்ட்ரைக்கர் என்றே அழைக்கப்படுகிறது. தெரு ஆட்டங்களில் கேரம் பலகை "போர்டு" என்றும், காய்கள் "காயின்" என்றும், குழிகள் "பாக்கெட்" என்றும், சிவப்புக் காயான ராணி "ரெட்" என்றும் வழங்கப்படுகின்றன. சிவப்புக் காயைத் தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போடுவது "ஃபாலோ" எனப்படும். இக்கட்டுரையில் ஸ்ட்ரைக்கர் என்ற வழக்குச் சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

விதிகள்

கேரம் விளையாட்டின் பன்னாட்டு அமைப்பான பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு 1988 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அகில இந்திய கேரம் கூட்டமைப்பு 1956 முதல் இயங்கி வருகிறது. இவ்வமைப்புகளின் ஆட்ட விதிகள் சாதனங்களின் அளவுகளைத் துல்லியமாக வரையறுக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை:

• ஸ்ட்ரைக்கர்: வழுவழுப்பாகவும் வட்டமாகவும் இருத்தல் வேண்டும். விட்டம் 4.13 செ.மீ.க்கு மிகாமலும், எடை 15 கிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தந்தத்தாலோ உலோகத்தாலோ செய்யப்பட்ட ஸ்ட்ரைக்கர்களுக்கு அனுமதி இல்லை.
• காய்கள்: 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு. விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. வரை, தடிமன் 0.7 முதல் 0.9 செ.மீ. வரை, எடை 5 முதல் 5.5 கிராம் வரை.
• பலகை: ஆடுபரப்பு 73.5 முதல் 74 செ.மீ. வரை பக்கமுள்ள சதுரம். பலகையின் தடிமன் 8 மி.மீ.க்குக் குறையாதிருத்தல் வேண்டும்.
• குழிகள்: விட்டம் 4.45 செ.மீ. (0.15 செ.மீ. வரை கூடவோ குறையவோ செய்யலாம்).

போட்டிகளில் ஆட்டக்காரர் தம் சொந்த ஸ்ட்ரைக்கரைப் பயன்படுத்தலாம். அது விதிகளுக்கு உட்பட்டதா என்று சோதிக்க நடுவருக்கு உரிமை உண்டு. ஸ்ட்ரைக்கரின் விலை, நிறம், தயாரிப்பாளர் ஆகியவை எடை, விட்ட வரம்புகளை எவ்விதத்திலும் மாற்றுவதில்லை. 50 ரூபாய் ஸ்ட்ரைக்கருக்கும் 1,000 ரூபாய் ஸ்ட்ரைக்கருக்கும் 15 கிராம் என்ற எல்லை ஒன்றே.

மூலப்பொருட்கள்

ஸ்ட்ரைக்கர்கள் அக்ரிலிக், செல்லுலாயிடு, பிசின் வார்ப்பு, பிற நெகிழி வகைகள் போன்றவற்றால் செய்யப்படுகின்றன. மூலப்பொருளின் அடர்த்தி ஸ்ட்ரைக்கரின் தடிமனைத் தீர்மானிக்கிறது. 4.13 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 13.4 சதுர செ.மீ. ஆகும். எடை 15 கிராம் எனக் கொண்டால், மூலப்பொருளுக்கு ஏற்பத் தேவைப்படும் தடிமன் பின்வருமாறு அமையும்.

• அக்ரிலிக் (அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 1.18 கிராம்): சுமார் 9.5 மி.மீ.
• செல்லுலாயிடு (சுமார் 1.4 கிராம்): சுமார் 8 மி.மீ.
• தந்தம் (சுமார் 1.8 கிராம்): சுமார் 6.2 மி.மீ.

உலோகம் ஏன் விலக்கப்பட்டது என்பதையும் இக்கணக்கு விளக்கும். 8 மி.மீ. தடிமனுள்ள பித்தளை வில்லையின் எடை சுமார் 91 கிராம் இருக்கும். அது காய்களை உடைக்கும்; பலகையின் மேற்பரப்பையும் கீறும்.

தடித்த ஸ்ட்ரைக்கரையும் மெல்லிய ஸ்ட்ரைக்கரையும் பிடிக்கும் உணர்வு வேறுபடும். சிலருக்கு விரல் நகம் படும் விளிம்பு உயரமாக இருப்பது வசதியாகத் தோன்றும். சிலருக்குத் தாழ்வாக இருப்பது வசதி. இது பழக்கத்தைப் பொறுத்ததேயன்றி விலையைப் பொறுத்ததன்று.

தந்த ஸ்ட்ரைக்கர்கள்

கேரம் உலகின் முதல் ஆடம்பரச் சாதனம் யானைத் தந்தத்தால் செய்யப்பட்ட ஸ்ட்ரைக்கர் எனலாம். தந்தம் அடர்த்தி மிக்கது; இழைப்பதற்கு ஏற்றது; நன்கு மெருகேறக் கூடியது. இதே காரணங்களுக்காக 19 ஆம் நூற்றாண்டில் பில்லியர்ட்சு பந்துகளும் தந்தத்தால் செய்யப்பட்டன. அப்பந்துகளுக்கு மாற்றுப் பொருள் தேடிய முயற்சியே ஐக்கிய அமெரிக்காவில் செல்லுலாயிடு வணிகப் பொருளாக உருவாகக் காரணமாயிற்று. பிற்காலத்தில் அதே செல்லுலாயிடு ஸ்ட்ரைக்கர் செய்வதற்கும் பயன்பட்டது.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986 இல் செய்யப்பட்ட திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடை செய்தது. 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடையை விரிவுபடுத்தியது. எனவே பாட்டனார் காலத்துத் தந்த ஸ்ட்ரைக்கர் ஒன்று ஒரு வீட்டின் பெட்டியில் இருந்தால், அதைக் கொண்டு போட்டியில் ஆட இயலாது. அதனை விற்பதும் குற்றமாகும். ஒரு காலத்தில் விலை மிகுந்திருந்த பொருள் இன்று சட்டப்படி விலையே இல்லாத பொருளாகிவிட்டது குறிப்பிடத்தக்கது.

மோதலின் இயற்பியல்

விலை உயர்ந்த ஸ்ட்ரைக்கர் கூடுதல் வேகம் தரும் என்பது பரவலான நம்பிக்கை. இதனைப் பள்ளி இயற்பியலில் வரும் நேர்மோதல் சமன்பாட்டின் வழியே சோதித்துப் பார்க்கலாம்.

ஸ்ட்ரைக்கரின் நிறை M, காயின் நிறை m, மோதுவதற்கு முன் ஸ்ட்ரைக்கரின் வேகம் v, மீட்சிக் குணகம் e எனக் கொள்வோம். மீட்சிக் குணகம் என்பது மோதலுக்குப் பின் இரு பொருட்களும் எவ்வளவு வேகத்தில் விலகுகின்றன என்பதைக் காட்டும் எண்ணாகும். ஆற்றல் இழப்பே இல்லாத மோதலில் இதன் மதிப்பு 1.

காயின் வேகம் = (1 + e) × M ÷ (M + m) × v

M = 15 கிராம், m = 5.25 கிராம், e = 1 என எடுத்துக்கொண்டால் காய் 1.48 v வேகத்தில் செல்லும். ஸ்ட்ரைக்கர் 14 கிராமாக இருப்பின் இது 1.45 v ஆகும். ஒரு கிராம் குறைந்ததால் ஏற்பட்ட வேறுபாடு சுமார் 1.8 விழுக்காடு மட்டுமே.

இதனைக் காய்களின் எடை வேறுபாட்டுடன் ஒப்பிடுவது பயனுள்ளது. விதிகளின்படி ஒரு காய் 5 கிராமாகவும் மற்றொரு காய் 5.5 கிராமாகவும் இருக்கலாம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரால் ஒரே வேகத்தில் அடிக்கப்படும்போது முதற்காய் 1.50 v வேகத்திலும், இரண்டாவது காய் 1.46 v வேகத்திலும் செல்லும். வேறுபாடு சுமார் 2.4 விழுக்காடு. அதாவது, விதிகளுக்கு உட்பட்ட காய்களுக்கிடையே உள்ள வேறுபாடே ஸ்ட்ரைக்கரில் ஒரு கிராம் கூடுவதாலோ குறைவதாலோ ஏற்படும் மாற்றத்தைவிட அதிகம்.

மோதலுக்குப் பின் ஸ்ட்ரைக்கருக்கு என்ன நேர்கிறது என்பதும் முக்கியமானது. மேற்கண்ட மோதலில் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் 0.48 v வேகத்தில் அதே திசையில் தொடர்ந்து செல்லும். 12 கிராம் ஸ்ட்ரைக்கர் 0.39 v வேகத்தில் செல்லும். குழியின் வாயில் நிற்கும் காயை நேராக அடிக்கையில் ஸ்ட்ரைக்கரும் பின்தொடர்ந்து குழியில் விழுந்து தண்டம் கட்ட நேர்வது இதனால்தான். ஆகவே எடை மிகுந்த ஸ்ட்ரைக்கரே எப்போதும் சிறந்தது என்ற கருத்தும் சரியானதன்று. ஆட்டத் தொடக்கத்தில் காய்க் கூட்டத்தை உடைப்பதற்கு எடை உதவும். மென்மையாகத் தொட்டுப் போட வேண்டிய காய்களுக்கு எடை குறைந்த ஸ்ட்ரைக்கரைக் கட்டுப்படுத்துவது எளிது.

ஆட்டத்துக்கு இன்றியமையாத பண்பு வேகமன்று, சீர்மை ஆகும். ஸ்ட்ரைக்கரின் விளிம்பு எப்பக்கம் மோதினாலும் ஒரே விதமாக எதிர்வினை தர வேண்டும். அடிப்பக்கம் முழுத் தட்டையாக இருத்தல் வேண்டும். எடை நடுவில் மையம் கொண்டிருக்க வேண்டும். இம்மூன்றும் நல்ல கடைசல் வேலையால் கிடைப்பவை. மேலே பொறிக்கப்படும் படத்துக்கும் எழுத்துக்கும் இவற்றுடன் தொடர்பில்லை.

வட சென்னையில் கேரம்

சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், தொடர்வண்டிப் பணிமனைகள் ஆகியவற்றைச் சுற்றி அமைந்த இராயபுரம், மூலக்கொத்தளம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் முதலிய பகுதிகள் வட சென்னை என அழைக்கப்படுகின்றன. நெருக்கமான வீடுகளும் குறுகிய தெருக்களும் கொண்ட இப்பகுதிகளில் பெரிய ஆடுகளம் தேவைப்படாத கேரம் பரவலாக வேரூன்றியது. ஒரு பலகை, ஒரு தாங்கி, ஒரு விளக்கு இருந்தால் ஒரு மன்றம் நடத்தலாம். ஒரே பலகையில் ஒரு நாளில் பலர் ஆடலாம்.

சென்னையைச் சேர்ந்த அ. மரியா இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்றார். கேரம் விளையாட்டுக்காக 1996 ஆம் ஆண்டு அருச்சுனா விருது பெற்றவரும் இவரே. வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்றார். வட சென்னையைச் சேர்ந்த காசிமா 2024 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் பெற்றார். அவருக்குத் தமிழ்நாடு அரசு ரூ. 1 கோடி ஊக்கத்தொகை வழங்கியது.

பொதுத்துறை நிறுவனங்கள் சில கேரம் ஆட்டக்காரர்களுக்கு வேலைவாய்ப்பு அளித்துள்ளன. எனவே இப்பகுதி இளைஞர்கள் பலருக்குக் கேரம் பொழுதுபோக்கு மட்டுமன்று. வேலைக்கும் உயர்கல்விக்கும் வழியாகக் கூடிய ஒன்று. இத்தகைய சூழலில் "இந்த ஸ்ட்ரைக்கர் இருந்தால் வெல்லலாம்" என்ற விளம்பரம் செல்வந்தரின் பொழுதுபோக்குச் செலவை மட்டும் குறிவைப்பதில்லை. நாட்கூலிக் குடும்பத்துப் பெற்றோர் பிள்ளைக்காக ஒதுக்கும் பணத்தையும் அது குறிவைக்கிறது. மன்றங்களில் பயிலும் சிறுவர்க்கு ஸ்ட்ரைக்கரின் விலையைவிட, பலகையின் முன் அமரக் கிடைக்கும் நேரமே பெரிய தேவையாக உள்ளது.

சிறப்புப் பதிப்புகளும் விலையும்

விளையாட்டுப் பொருள் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ஸ்ட்ரைக்கர்கள் சில பத்து ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட விலை வரை கிடைக்கின்றன. இவ்விலை ஏற்றத்தை மூன்று படிகளாகப் பிரித்து நோக்கலாம்.

முதற்படி: பலகையுடன் இலவசமாக வரும் அல்லது மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் வார்ப்பு ஸ்ட்ரைக்கர்கள். இவற்றில் அச்சு இணைப்புக் கோடு விளிம்பில் தெரியலாம். அடிப்பக்கம் சற்றுக் குழிந்தோ குவிந்தோ இருக்கலாம். எடையும் குறைவாக இருக்கலாம். இவற்றிலிருந்து அடுத்த படிக்குச் செல்வதால் ஆட்டத்தில் உண்மையான முன்னேற்றம் தெரியும்.

இரண்டாம் படி: கடைசல் செய்து மெருகிடப்பட்ட போட்டி ஸ்ட்ரைக்கர்கள். எடையும் விட்டமும் விதிகளை ஒட்டி அமையும். போட்டிகளுக்குத் தேவையான பண்புகள் யாவும் இப்படியிலேயே நிறைவடைந்துவிடுகின்றன.

மூன்றாம் படி: "சாம்பியன்", "ஸ்பெஷல்", "லிமிடெட் எடிஷன்" போன்ற சொற்கள் பொறிக்கப்பட்டவை, பிசினுக்குள் படமோ வண்ணச் சுழலோ பதிக்கப்பட்டவை, வெல்வெட்டுப் பெட்டியில் வைத்து விற்கப்படுபவை. இவற்றின் கூடுதல் விலை தோற்றத்துக்கும் பெட்டிக்கும் பெயருக்கும் உரியது. எடை வரம்பும் விட்ட வரம்பும் இரண்டாம் படியில் எட்டப்பட்டுவிட்டமையால், இதற்கு மேல் செலவழிக்கும் பணத்தால் அளவிடத்தக்க நன்மை எதையும் வாங்க இயலாது.

வரையறுக்கப்பட்ட பதிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமாயின், மொத்தம் எத்தனை செய்யப்பட்டன என்பது அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் வரிசை எண் தாங்கியிருக்க வேண்டும். மீண்டும் அதே வடிவில் தயாரிக்கப்படாது என்ற உறுதி வேண்டும். அஞ்சல்தலை, நாணயம் போன்ற சேகரிப்புத் துறைகளில் அருமை என்பது எண்ணிக்கையால் நிறுவப்படுகிறது. எண்ணிக்கை அறிவிக்கப்படாத ஸ்ட்ரைக்கரில் அச்சொல் வெறும் அலங்காரமே.

இந்தியாவில் 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருட்கள்) விதிகளின்படி, பொதியப்பட்ட பொருட்களில் அதிகபட்ச சில்லறை விலை குறிக்கப்பட வேண்டும். ஆனால் பொதுவாக அவ்விலையைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். எனவே மிகையான விலையை அச்சிட்டுப் பின் பெருந்தள்ளுபடி அளிப்பதாகக் காட்டும் விற்பனை உத்தியை இவ்விதி மட்டும் தடுப்பதில்லை. தவறான விளம்பரங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிவகை செய்கிறது.

பிற சாதனங்கள்

இதே போக்கைப் பிற கேரம் சாதனங்களிலும் காணலாம். பருத்த சட்டமும் தடித்த ஒட்டுப்பலகையும் கொண்ட பலகைகள் வளையாமல் நிற்கும். சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடிகள் சீராக அமையும். இது உண்மையான நன்மை ஆகும். ஆனால் சட்டத்தில் பதிக்கப்படும் அலங்கார வேலைப்பாடுகள் ஆடுபரப்பை மாற்றுவதில்லை.

மாவு மற்றோர் எடுத்துக்காட்டு. கேரத்துக்குப் பரவலாகப் பயன்படும் போரிக் பவுடர் வேதியியலில் போரிக் அமிலம் ஆகும். இதன் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளைப் போன்ற அமைப்பு உடையவை. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதால் உராய்வு குறைகிறது. பென்சிலில் உள்ள கிராபைட்டும் இவ்வாறே செயல்படுகிறது. புதிய பெயரும் புதிய டப்பாவும் இப்பண்பை மாற்றுவதில்லை. போரிக் அமிலம் உட்கொள்ளத் தக்கதன்று என்பதால் ஆடிய பின் கைகளைக் கழுவுதல் நன்று. சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

பின்பாலுடன் ஒப்பீடு

விளையாட்டுச் சாதனங்களின் சிறப்புப் பதிப்பு வணிகம் உச்சத்தில் இருப்பது பின்பால் என்னும் பொறி விளையாட்டில் எனலாம். இது சாய்வான கண்ணாடிப் பெட்டிக்குள் எஃகுக் குண்டு ஒன்றைப் பொத்தான்களால் இயங்கும் துடுப்புகளைக் கொண்டு அடித்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. துடுப்புகள் 1947 ஆம் ஆண்டு காட்லீப் நிறுவனத்தின் அம்ப்டி டம்ப்டி என்ற பொறியில் அறிமுகமாயின. முன்னர்க் கடைகளில் நாணயம் இட்டு ஆடப்பட்ட இப்பொறிகளை வீடுகளில் வாங்கி வைத்துச் சேகரிக்கும் வழக்கம் மேலை நாடுகளில் பின்னர் வளர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டெர்ன் நிறுவனம் 2010களில் ஒரே விளையாட்டைப் புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என மூன்று பதிப்புகளாக விற்கும் முறையை நிலைநிறுத்தியது. 2021 இல் வெளிவந்த காட்சில்லா பொறியின் லிமிடெட் எடிஷன் 1,000 எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. இப்பொறிகளின் தலைப்பகுதி மீது பொருத்தப்படும் டாப்பர் எனப்படும் அலங்காரப் பொருள் தனியாக, பல நூறு டாலர் விலைக்கு விற்கப்படுகிறது. ஒளியும் அசையும் பொம்மைகளும் கொண்ட டாப்பர் பார்வைக்கு அழகு சேர்க்கும். கீழே ஓடும் எஃகுக் குண்டின் பாதையை அது மாற்றுவதில்லை.

இரு விளையாட்டுகளுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. டாப்பர் வாங்குபவர் தாம் வாங்குவது அலங்காரம் என்பதை அறிவார். கேரத்தில் அலங்காரம், ஆட்டத்திறனைக் கூட்டும் கருவி என்ற பெயரில் விற்கப்படுகிறது. மேலும் பின்பால் பொறியை வாங்குபவர் ஏற்கனவே பெருந்தொகை செலவிட்டவர். கேரம் ஆட்டக்காரருள் பலர் பலகையே சொந்தமாக இல்லாதவர்கள்.

விமர்சனங்களும் மறுமொழிகளும்

விலை உயர்ந்த ஸ்ட்ரைக்கர்களுக்கு ஆதரவான கருத்துகளும் உண்டு. நம்பிக்கை தரும் கருவி ஆட்டக்காரரின் மனநிலையைச் சீராக்கும் என்பது ஒன்று. விரலுக்குப் பழகிய கருவியை மாற்றாமல் வைத்திருப்பதால் அடி சீர்ப்படும் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் இப்பயன் பழக்கத்தால் விளைவது. மலிவான ஸ்ட்ரைக்கரை நெடுநாள் பயன்படுத்தினாலும் அதே பயன் கிடைக்கும். அடிக்கடி புதிய பதிப்புகளை வாங்கி மாற்றுபவர் இப்பயனை இழக்கிறார் என்றும் வாதிடலாம்.

சேகரிப்புக்காக வாங்குவோரைப் பொறுத்தவரை நிலை வேறு. அழகிய பொருளை அதன் அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. ஆட்டத்தில் வெல்ல உதவும் என்ற எதிர்பார்ப்புடன் வாங்குவதே ஏமாற்றத்தில் முடிகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

நல்ல ஸ்ட்ரைக்கரை விலைச்சீட்டைப் பார்க்காமலே எளிய சோதனைகளால் கண்டறியலாம்.

• எடை: நகைக்கடைகளில் உள்ளது போன்ற சிறு மின்னணுத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 15 கிராமைத் தாண்டினால் போட்டிக்கு ஏற்றதன்று.
• விட்டம்: வெர்னியர் அளவியால் மூன்று அல்லது நான்கு திசைகளில் அளக்க வேண்டும். அளவுகள் வேறுபட்டால் வட்டம் சரியில்லை.
• தட்டைத்தன்மை: கண்ணாடிப் பரப்பின் மீது வைத்து விளிம்பை விரலால் மாறி மாறி அழுத்த வேண்டும். ஆடினால் அடிப்பக்கம் தட்டையாக இல்லை.
• சமநிலை: கண்ணாடி மீது படுத்த நிலையில் சுழற்ற வேண்டும். ஒரு பக்கமாக விலகி ஓடாமல் நின்ற இடத்திலேயே சுழல்வது நல்லது.
• விளிம்பு: நகத்தால் சுற்றிலும் வருடிப் பார்க்க வேண்டும். கோடோ பள்ளமோ தட்டுப்படலாகாது.

இச்சோதனைகளில் தேறும் ஸ்ட்ரைக்கர் எவ்விலைக்குக் கிடைத்தாலும் அது போட்டிக்கு ஏற்றதே. தேறாத ஸ்ட்ரைக்கர் எப்பெட்டியில் வந்தாலும் பயனற்றதே.

பராமரிப்பு

ஆடி முடித்தபின் ஸ்ட்ரைக்கரை உலர்ந்த மென்துணியால் துடைத்து வைக்க வேண்டும். கை வியர்வையும் மாவும் சேர்ந்து அடிப்பக்கத்தில் படியும் படலம் உராய்வைக் கூட்டும். கடலோர ஈரப்பதம் மிகுந்த சென்னை போன்ற இடங்களில் இது விரைவில் படியும். சாவி, நாணயம் ஆகியவற்றுடன் ஒரே பையில் வைத்தால் கீறல் விழும். செல்லுலாயிடு எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால் அவ்வகை ஸ்ட்ரைக்கரை அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகே வைத்தல் கூடாது. விளிம்பில் சில்லு பெயர்ந்த ஸ்ட்ரைக்கர் காய்களையும் பலகையையும் கெடுக்கும். அதனை மாற்றிவிடுவதே முறை.

மக்கள் பண்பாட்டில்

வெற்றிமாறன் இயக்கத்தில் 2018 ஆம் ஆண்டு வெளிவந்த வட சென்னை திரைப்படத்தில் தனுஷ் ஏற்ற அன்பு என்னும் கதைமாந்தர் கேரம் ஆட்டக்காரர் ஆவார். சிறை உட்படப் பல இடங்களில் நிகழும் கேரம் ஆட்டங்கள் அப்படத்தின் கதையோட்டத்தில் இடம்பெறுகின்றன. 2010 ஆம் ஆண்டு சித்தார்த் நடிப்பில் வெளிவந்த ஸ்ட்ரைக்கர் என்ற இந்தித் திரைப்படமும் மும்பையில் வாழும் கேரம் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியதாகும்.

இவற்றையும் பார்க்க

• சுண்டாட்டம்
• பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு
• மரியா இருதயம்
• வட சென்னை
• பின்பால்
• மீட்சிக் குணகம்